வீராவின் கடைசி அறுநூறு கிலோமீட்டர்

நேர்ச்சாலையில் போனால் நாலரை மணி நேரம்.
காலைப் பசியாறல் செந்தூலில்,
மதியச் சோறு பினாங்கில்.
கார் வாங்கும் ரொஸ்லிண்டாவிடம்
அப்படித்தான் சொல்லி வைத்திருந்தோம்.

முந்தின இரவு தனசீலன் சொன்னார்:
"காராக் பக்கமாப் போவோம். மலையைச் சுத்திக்கிட்டு."
எதற்கு என்று நான் கேட்கவில்லை.
கண் டாக்டர் கொடுத்த தாள்
ஐஸ்பெட்டிக் கதவில், காந்தத்தின் அடியில்.
பார்வையின் நடுவில் ஒரு கறை,
ஓரங்கள் மட்டும் மிச்சம்.

விடியற்காலை ஐந்துக்குச் சாவியை நான் எடுத்தேன்.
இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக
இடப்பக்கம் ஏறியவர்
பழக்கதோஷத்தில் வலத்தோளுக்கு மேல் கைவிட்டு
இல்லாத பெல்ட்டை இரண்டு முறை இழுத்தார்.

கெந்திங் செம்பா சுரங்கவழி.
நுழைகையில் சிலாங்கூர்,
வெளியே வந்தால் பகாங், பனி, லாரிப் புகை.
"மூணுக்குப் போடு."
வளைவு இன்னும் என் கண்ணுக்கே வரவில்லை.
போடவில்லை.
வீரா முக்கியது, முனகியது.
போட்டேன்.
காய்கறி லாரியில் பன்னிரண்டு வருடம்
இந்தச் சாலை அவர் முதுகில் ஏறி வந்திருக்கிறது.
முதுகெலும்புக்கு எந்த டாக்டரும் தாள் எழுதவில்லை.

ரவூப்பில் டுரியான் மணம்
மூடிய கண்ணாடியைக் கடந்து வந்து
பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டது.
லிப்பிஸில் ரொட்டி சானாய், ஆளுக்கொரு தே தாரிக்.
மெராப்போவுக்கு முன்னால் சண்டை.
"பிரேக்... பிரேக்குன்னேன்!"
ஓரங்கட்டி நிறுத்தினேன்.
"ஒண்ணு நீங்க பேசுங்க, இல்லாட்டி நான் ஓட்டறேன்.
ரெண்டும் ஒரே கார்ல ஆகாது."

பதினோரு கிலோமீட்டர் செம்பனை,
ஒரு சொல் இல்லை.

குவா மூசாங் நெருங்கும்போது மெதுவாகக் கேட்டார்:
"அந்தச் சுண்ணாம்புக் குன்று இன்னும் நிக்குதா?"

நேர் எதிரே,
கண்ணாடி முழுக்க நின்றது குன்று.

"நிக்குது" என்றேன்.
"உச்சியில ஒரு மரம் சாஞ்சிருக்கு."
"அது எப்பவும் சாஞ்சதுதான்" என்றார்.

அதற்குப் பிறகு சாலையைப் பிரித்துக்கொண்டோம்.
நடுவெல்லாம் எனக்கு, ஓரமெல்லாம் அவருக்கு.
ஜெலி தாண்டி ஏறும் பாதையில்
மஞ்சள் பலகையில் யானை, இன்னொரு பலகையில் யானை,
தாரில் காய்ந்த சாணம்.
நான் முன்னால் போகும் எண்ணெய் லாரியையே பார்த்திருக்க,
"மெதுவா. இடப்பக்கம், மூங்கில்" என்றார்.
மூங்கில்தான் தெரிந்தது.
பிறகு மூங்கில் காதை ஆட்டியது.

தித்திவங்சா மேட்டில் நிறுத்தி
வாழைப்பழப் பொரியல் தின்றோம்.
ஒரு காலடி கிளந்தான், மறு காலடி பேராக்.
யானையைப் பற்றி அவரே
கடைக்காரரிடம் மூன்று தடவை சொன்னார்,
மூன்றாவது தடவை அது இரண்டு யானை.

கெரிக். பாலிங்.
கெடாவின் வயல்கள் மேல் வெயில் சரிந்தது.
கூலிம் வருமுன் இருட்டிவிட்டது,
ஏர்கோன் நின்றுவிட்டது,
ரொஸ்லிண்டா நான்காம் முறை அழைத்தாள்.

பிறை டோலில் அட்டையைத் தொட்டதும் பாலம்.
இருபுறமும் அவருக்கு விளக்கு வரிசை.
நடுவில் எனக்கு
யாரோ ஒருவருடைய சிவப்புப் பின்விளக்கு.
"கப்பல் ஒண்ணு நிக்குது" என்றார்.
திரும்பிப் பார்க்க எனக்கு நேரமில்லை.
நம்பினேன்.

ஜெலுத்தோங்கில், தெருவிளக்கின் கீழ்,
வண்டியைச் சுற்றிவந்து ரொஸ்லிண்டா கேட்டாள்:
"ஏதாவது கோளாறு உண்டா?"
"ஏர்கோன்" என்றேன் நான்.
"மூணாவது கியர் கொஞ்சம் பிடிவாதம்" என்றார் அவர்.
கதவைச் சாத்தியபின்
கூரையில் இரண்டு தட்டு தட்டினார்,
லாரிக்காரர்கள் 'எடு' என்று சொல்லும் தட்டு.

வாடகை அறையில் படுத்தபோது
கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து எழுந்து உட்கார்ந்தேன்.
"எந்தக் கால்?"
"இடது."
இருட்டில் அவர் சிரிப்பது கேட்டது.
"கிளட்ச்."